றேகனின் வயதுப் பகிடி கார்ட்டருக்குச் சொன்னதல்ல

வன்னியின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு பதிவு, 1980 ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலுக்கான தொலைக்காட்சி விவாதத்தில், போட்டி வேட்பாளர் றொனால்ட் றேகனின் வயதைக் குத்திக்காட்டிய அப்போதைய சனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு, ‘எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலுக்குப் பயன்படுத்தமாட்டேன்’ என்று றேகன் பதிலடி கொடுத்ததாகவும், கார்ட்டர் மேடையை விட்டு வெளியேறியதாகவும் கூறுகிறது. இது தவறு. வாசகம் உண்மையானதே; ஆனால் அது 1984 ஒக்டோபர் 21 அன்று கன்சாஸ் சிற்றியில் நடந்த அடுத்த தேர்தலுக்கான விவாதத்தில், ஊடகவியலாளர் ஒருவரின் கேள்விக்கு, அப்போது சனாதிபதியாக இருந்த 73 வயதான றேகன் அளித்த பதில். எதிரே நின்ற போட்டி வேட்பாளர் வோல்ட்டர் மொண்டேல், வெளியேறுவது இருக்கட்டும், தானும் சேர்ந்து சிரித்தார். 1980 விவாதத்தில் கார்ட்டருக்கு றேகன் கொடுத்த புகழ்பெற்ற பதிலடி ‘மறுபடியும் தொடங்கிவிட்டீர்கள்’ என்ற சிறு வாக்கியமே. பகிடியாக அதுவும் குறைந்ததல்ல. அமெரிக்க சனாதிபதி விவாதங்களுக்கான ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரு விவாதங்களின் எழுத்துப் பதிவுகளும் உள்ளன. சரிபார்த்துக்கொள்ளுங்கள், அப்பதிவை இனிப் பகிர வேண்டாம்.