பிரேசில் பனியைச் சொல்லி என்னிடம் காசு வாங்காதீர்கள்

மூன்று நாளாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. பிள்ளையார் நோன்புக்கு வீட்டுக்கு ஆள் வருகிறது, ஒரு கிலோ காபித்தூள் வாங்கி வைத்துவிடலாம் என்று காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் போனேன். பதினைந்து வருடமாக வாங்குகிற கடை. காபி எண்பதுக்குச் சிக்கரி இருபது, பீபரி என்கிற உருண்டைக் கொட்டை சேர்த்து, ஃபில்டருக்கு ஏற்ற பதத்தில் அரைத்தது. நான் வாயைத் திறக்கவே வேண்டாம், தலையைப் பார்த்ததும் போட்டுவிடுவார்கள். போட்டார்கள். பில்லைப் பார்த்தால் தீபாவளிக்கு வாங்கியதைவிட கிலோவுக்கு 120 ரூபாய் கூடுதல்.

"என்ன தம்பி, போன தடவை இந்த விலை இல்லையே?"

"பிரேசில்ல பனி ஆச்சி. செடியெல்லாம் கருகிப்போச்சு."

மார்கழி மாதம். நான் போர்த்திக்கொண்டு நிற்கிறேன், அவரும் தலையில் துண்டு கட்டியிருக்கிறார், நமக்குக் குளிர்ந்தால் பிரேசிலுக்கும் குளிரும் என்று நினைத்துவிட்டார் போல. தம்பி, அது பூமியின் தென்பாதி. நமக்கு மார்கழி என்றால் அவர்களுக்கு நல்ல கோடை. அங்கே பனி விழுந்து காபிச் செடி கருகுவதெல்லாம் ஆனி, ஆடியில். 2021 ஜூலையில் மினாஸ் ஜெராய்ஸ் பக்கம் அப்படித்தான் கருகியது. 1975-இல் விழுந்த பனியும் ஜூலைப் பனிதான், அதில்தான் 1977-இல் உலகம் முழுக்க காபி விலை எகிறியது. மார்கழியில் பனி என்று என்னிடம் சொன்னால் நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பேன்?

இதை அவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் மிளகாய்த்தூள் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அந்தத் தம்பி, "பனி இல்லேன்னா என்ன ஆச்சி, நம்ம மலையிலயும் சீசன் முடிஞ்சிருச்சுல்ல, வரத்து இல்ல" என்கிறார்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது.

எங்கள் வீட்டுக்காரர் பட்டிவீரன்பட்டியில் ஒரு காபி மண்டியில் 22 வருடம் கணக்கு எழுதினவர். என் பிள்ளைகள் அந்த மூட்டைகள் மேல் ஏறி விளையாடி வளர்ந்தவர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலையில் எந்த மாதம் என்ன நடக்கும் என்பது எனக்கு என் வீட்டு முகப்பு மாதிரி தெரியும். மாசி, பங்குனியில் பூ மழை பெய்ய வேண்டும். பெய்த எட்டாம் ஒன்பதாம் நாள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசம் சாலை வரை வரும். அந்த ஒரு மழை தவறினால் அந்த வருட விளைச்சலே போச்சு. பூத்து எட்டு ஒன்பது மாதம் கழித்து, கார்த்திகை வாக்கில் அரபிகா ரகத்துப் பழம் பறிக்க ஆரம்பிப்பார்கள், தை, மாசி வரைக்கும் பறிப்பு ஓடும். ரொபஸ்டா ரகம் இன்னும் பிந்தித்தான் பழுக்கும். அதாவது நான் அந்தக் கடையில் நிற்கிற அதே காலை வேளையில் மலையில் பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். பறிப்பு நடக்கிற மாதத்தைப் பார்த்து சீசன் முடிந்துவிட்டது என்கிறார்கள்! மாசியில் கேட்டால் 'புதுக் காய் இன்னும் வரலை', ஆடியில் கேட்டால் 'மலையில மழை', ஐப்பசியில் கேட்டால் 'ஸ்டாக் இல்லை'. வருடத்தின் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். விலை இறங்குகிற மாதம் என்று ஒன்று அவர்கள் காலண்டரிலேயே கிடையாது.

விலை ஏறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறியது, கடுமையாகவே ஏறியது. 2024-இல் பிரேசிலில் மழை பொய்த்தது, அதற்கு முன்னாலேயே வியட்நாமில் வறட்சி, ரொபஸ்டாவில் அவர்கள்தான் உலகத்தில் முதல். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அரபிகா 1977 விலையையே முறியடித்து, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. நம் நாட்டுக் காபியில் பெரும்பகுதி கப்பலேறிப் போவதால் அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும், அதுவும் புரிகிறது. குடகிலும் வயநாட்டிலும் வருடக்கணக்கில் கையைப் பிசைந்துகொண்டிருந்த ரொபஸ்டா விவசாயிகளுக்கு இரண்டு வருடம் நல்ல காசு கிடைத்தது. அதற்கு நான் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கச் சந்தோஷமாகத் தயார். அப்போது கடையில் ஏற்றினார்கள், நானும் முணுமுணுக்காமல் கொடுத்தேன்.

ஆனால் அதே 2025 ஜூலையில் நியூயார்க்கிலும் லண்டனிலும் விலை நன்றாக இறங்கியதே, அன்றைக்கு இந்தக் கடையில் பத்து ரூபாய் குறைத்தார்களா? இல்லை. ஏறுகிற செய்தி மட்டும் மறுநாள் காலையில் கல்லாவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மார்கழியில் அவர்கள் அரைக்கிற கொட்டை எப்போது பறித்தது? போன தையில் பறித்து, காய்ந்து, தோல் நீக்கி, தரம் பிரித்து, அப்போதே வாங்கி அடுக்கியது. அதற்கு இன்றைய பனியும் இல்லை, நாளைய மழையும் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கல்லாவில் இருந்த பெரியவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எல்லா ஊர்லயும் இதே விலைதான், வேணாம்னா வச்சிட்டுப் போங்க" என்றார். பதினைந்து வருடம்! வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நோன்புக்கு ஆள் வருகிறதே என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து போட்டால் டிகாக்ஷன் தார் மாதிரி இறங்குகிறது. காபி வாசம் இல்லை, ஒரு கருகல் கசப்பு. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். காபித்தூள் மிதக்கும், சிக்கரி கலரை இழுத்துக்கொண்டு அடியில் போகும். போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய அடியில் போய்விட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், மடித்து ஒட்டிய இடத்துக்கு உள்ளே பொடி எழுத்தில் காபி 60, சிக்கரி 40. சட்டப்படி தப்பில்லை, காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவை அச்சிட வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் நான் கேட்டது எண்பது. பதினைந்து வருடமாகக் கேட்டதும் எண்பது. குஜராத்தில் மண்ணுக்கடியில் விளைகிற சிக்கரி வேர் பிரேசில் பனியில் எப்படிக் கருகும்? அந்த 40 பங்குக்கு எந்த நாட்டுப் பனிக்காக என்னிடம் விலை ஏற்றினார்கள்?

நோன்பன்று இழை எடுக்கிற சடங்கு முடிந்ததும் எல்லோருக்கும் அதைத்தான் கொடுத்தேன். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள், "ஆச்சி, காபி செம திக்கா இருக்கு, எங்க வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? சிரித்துவிட்டேன். உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன்.

இதில் நேற்று ஒருவர் வாசலில் வந்து நின்றுகொண்டு, பழைய சாமான் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காம். நிலைக்கதவைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார், அப்புறம் அடுப்படி வரை எட்டிப் பார்த்து என் மாமியார் காலத்துப் பித்தளை ஃபில்டரைக் காட்டி, "அது எத்தனை கிலோ ஆச்சி இருக்கும்?" என்றார். டிகாக்ஷன் அதில் இறங்கிக்கொண்டிருக்கிறது! அதற்கு ஈயம் பூச இந்த ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை என்று நான்கு மாதமாக அலைகிறேன், எடைக்குக் கேட்க மட்டும் வாரத்துக்கு ஒருவர் வந்துவிடுகிறார்.