குழாய் குறுகினால் அழுத்தம் கூடாது, குறையும்
"குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் நெருக்கப்படுகிறது, அதனால் அங்கே அழுத்தம் அதிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பது நேர் எதிர்.

படுக்கையாகக் கிடக்கும் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்பங்காகும். தண்ணீர் அமுங்காது என்பதால் அதே அளவு நீர் அங்கே 4 மடங்கு வேகத்தில் போயாக வேண்டும். அந்த வேகத்தை யார் கொடுப்பது? பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தானே நீர் முடுக்கம் பெறும்! வினாடிக்கு 1 மீட்டர் 4 மீட்டராக மாறினால், உராய்வை விட்டுவிட்டாலும், அழுத்தம் சுமார் 7,500 பாஸ்கல் குறையும். வெஞ்சுரி மானி (நடுவில் குறுகும் குழாயாலான ஓட்ட அளவி) ஓட்டத்தை அளப்பதே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

சரி, ஹோஸ் முனையை விரலால் அடைத்தால் விரலில் அழுத்தம் தெரிகிறதே? அது நீர் குறுகலுக்குள் நுழையும் முன் ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம். ஓட்டம் குறைந்ததும் ஹோஸின் நீளத்தில் உராய்வால் வீணாகும் அழுத்தமும் குறைகிறது, அந்த மிச்சம்தான் விரலை முட்டுகிறது. வெளியே பீய்ச்சும் தாரையில் இருப்பது வெறும் வளிமண்டல அழுத்தமே.