தொத்தோரியைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது
தொத்தோரி மணற்குன்றுகள்தான் ஜப்பானிலேயே பெரியவை என்று குழந்தைகளுக்கான துணுக்கில் போட்டிருக்கிறீர்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடியவற்றில் பெரியது என்றால் சரி. வடக்கே அவொமோரி மாகாணத்தில் இருக்கும் சாருகாமோரி மணற்குன்றுகள் அதைவிடப் பெரியவை. கடலோரமாகச் சுமார் 17 கிலோமீட்டர் நீள்கின்றன. ஆனால் அங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆயுதச் சோதனைத் திடல் இருப்பதால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும்! அப்புறம், இவ்வளவு மணல் இருக்கிறதே, தொத்தோரியில் மழையே பெய்யாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நன்றாகவே பெய்யும், குளிர்காலத்தில் பனியும் மூடும். செந்தாய் ஆறு மலையிலிருந்து அடித்துவந்த மணலை அலையும் காற்றும் கரைக்குத் திருப்பிக் குவித்ததால் வந்தவைதான் அந்தக் குன்றுகள், மழையில்லாததால் அல்ல. சும்மா விட்டால் புல் மண்டிவிடும் என்று தன்னார்வலர்கள் களை பறிக்கிறார்கள், அதையும் துணுக்கில் சேர்த்திருக்கலாம்.