சிறுநீரக தானம் செய்த பெண் தாயாக முடியாதா?

"ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த பெண்ணுக்குக் கரு தங்காது, தங்கினாலும் குழந்தை ஊனமாகப் பிறக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது.

சிறுநீரகத்தை அகற்றும் அறுவையில் கருப்பையும் சினைப்பைகளும் தொடப்படுவதில்லை. தானம் கருத்தரிக்கும் திறனைக் குறைப்பதாக மருத்துவ ஆய்வுகள் காட்டவும் இல்லை. ஆனால் ஆபத்தே கிடையாது என்று சொல்வதும் சரியாகாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தானம் செய்த 85 பெண்களின் 131 கர்ப்பங்களை, தானம் செய்யாத, உடல்நலமுள்ள பெண்களின் கர்ப்பங்களோடு ஒப்பிட்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2015இல் வெளியான ஆய்வு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமோ முன்சூல்வலிப்போ (ரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய கர்ப்பகால நோய்) தானம் செய்தோரில் 11 சதவீதக் கர்ப்பங்களிலும் மற்றவர்களில் 5 சதவீதக் கர்ப்பங்களிலும் ஏற்பட்டதாகக் கூறுகிறது. குறைப்பிரசவத்திலும் குறைந்த எடைப் பிறப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே தானத்துக்கு முன்பே இதைப் பெண்ணிடம் விளக்குவதும், கருவுற்ற பின் ரத்த அழுத்தத்தைக் கவனமாகக் கண்காணிப்பதும் அவசியம்.

இந்தியாவில் உயிருடன் உறுப்பு தருவோரில் பெரும்பாலோர் பெண்கள், பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், இவ்விஷயத்தில் வதந்தியின் அச்சுறுத்தலைப் போலவே குடும்பத்தின் வற்புறுத்தலும் கவலைக்குரியது (இதைப் பற்றி ஃபார்வர்டுகள் வருவதில்லை). கொடையாளர் பெண்ணாக இருந்தால் அவருடைய சுதந்திரமான சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று உறுப்பு மாற்று விதிகள், 2014 கூறுகின்றன. இவ்விதிகளைத் தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் படிக்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைத் தெரிவியுங்கள்.