நரிநடை வேண்டாம், ஃபாக்ஸ்ட்ராட்டே இருக்கட்டும்

போன வாரம் நண்பர் ஒருவர் மேற்கத்திய நடனப் பெயர்களுக்கெல்லாம் தமிழ்ச்சொல் ஆக்கி ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஃபாக்ஸ்ட்ராட் ‘நரிநடை’. குவிக்ஸ்டெப் ‘விரைவடி’. ஜைவுக்கு அவர் போட்டிருந்ததை இங்கே எழுதமாட்டேன், குடும்பத்தோடு படிப்பவர்கள் இருக்கிறீர்கள். நல்ல மனுஷர், உழைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல ப்ர்னோவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது செக் குடியரசின் இரண்டாவது பெரிய ஊரான ப்ர்னோவில். மூன்று மெய்யெழுத்தை அடுக்கி, கடைசியில் போனால் போகிறதென்று ஒரு உயிரைச் சேர்த்து ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியர் பார்த்தால் மயங்கி விழுவார். இங்கே 16, 17 வயசு ஆன பிள்ளைகளை நடன வகுப்புக்கு அனுப்புவது, ஒரு காலத்தில் நம்மூரில் லீவு விட்டால் டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பியது போல. வகுப்பின் பெயர் ‘தனெச்னீ’. இலையுதிர்காலத்தில் தொடங்கும். பையன்கள் கோட்டு சூட்டில், பெண்கள் நீளக் கவுனில். ஆட்டத்தோடு கூடவே, ஒரு பெண்ணின் முன்னால் போய் எப்படிக் குனிவது, ஆடி முடித்ததும் அவளை எப்படி இருக்கைக்குக் கூட்டிவந்து விடுவது என்பதெல்லாம் பாடத்தில் உண்டு. ஆடக் கூப்பிடும்போது சொல்லவேண்டிய வாசகம் ‘ஸ்மீம் ப்ரொசித்’. நேர்ப்பொருள் ‘வேண்டிக்கொள்ளலாமா’. எதை வேண்டுகிறான் என்று அதில் இல்லை. ஆங்கிலத்தில் இந்த நடனத்தை எனக்குத் தருவீர்களா என்று பொருளைக் குறிப்பிட்டுக் கேட்பார்கள். செக்காரன் கையை நீட்டி ‘வேண்டிக்கொள்ளலாமா’ என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

பெரியவர்களுக்கும் தனியாக வகுப்பு உண்டு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தோம். செக் மொழி இரண்டு பேருக்கும் அரைகுறை. அதனால் ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் ஆங்கிலம், நடுவில் செக், வலது ஓரத்தில் தமிழில் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு. நான் இன்று சொல்ல வருவதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

முதல் அடி சேர்வதற்கு முன்னாலேயே விழுந்தது. ‘ஸ்டெப், தொடக்கநிலை’ என்று ஒரு விளம்பரம். ஆங்கிலம் தெரிந்த மூளை என்ன நினைக்கும்? ஆரம்ப அடிகள் சொல்லித்தருகிறார்கள் போல என்றுதானே. மெத்தென்ற கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போனோம். கதவைத் திறந்தால் தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் ஷூவின் அடியிலும் உலோகத் தகடு. செக்கில் ‘ஸ்டெப்’ என்றால் டாப் டான்ஸ்! நாம் எடுத்துவைக்கிற அடிக்கு ‘க்ரொக்’ என்று சொந்தச் சொல் இருப்பதால், ஆங்கிலத்திலிருந்து வாங்கிவந்த ‘ஸ்டெப்’புக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். ஆசிரியை எங்கள் ஷூவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். “பரவாயில்லை, இன்றைக்கு நீங்கள் சத்தமில்லாமல் ஆடுங்கள்” என்றார். ஒரு மணி நேரம் ஊமைப்படம் மாதிரி ஆடிவிட்டு வந்தோம். (பிராகில் 1996-ல் கட்டி முடித்த அந்த நெளிந்த ‘நடனமாடும் வீடு’ படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஜிஞ்சரும் ஃப்ரெடும் என்று செல்லப்பெயர். பழைய ஹாலிவுட் படங்களின் நடன ஜோடி. அந்த ஃப்ரெட் அஸ்டேர் இவர்கள் கணக்கில் ‘ஸ்டெப்’ ஆடியவர்.)

அடுத்தது வால்ட்ஸ். அகராதியைப் புரட்டினால் வால்ட்ஸுக்கு நேரே ‘வல்ச்சீக்’ என்று இருக்கும். தப்பில்லை. ஆனால் வகுப்பில் இரண்டு சொல்லும் புழங்குகின்றன. ‘வால்ட்ஸ்’ என்றால் ஆங்கிலேயர் பாணியில் ஆடும் மெது வால்ட்ஸ், நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளக்கட்டு. ‘வல்ச்சீக்’ என்றால் வியன்னா வால்ட்ஸ், 58 முதல் 60. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது நோட்டில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம் பக்கத்துக் கிராமத்தில் வேட்டைக்காரர்கள் சங்கத்து நடன விருந்துக்குப் போயிருந்தோம். குளிர்காலத்தில் இங்கே தீயணைப்புக்காரர்கள், வேட்டைக்காரர்கள் என்று ஆளுக்கொரு ‘ப்ளெஸ்’ நடத்துவார்கள். வாத்தியக்காரர் ‘வல்ச்சீக்’ என்று அறிவித்ததும் “வாங்க, இது நமக்குத் தெரிஞ்சதுதான்” என்று நான்தான் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். கிரைண்டரில் போட்ட உளுந்து கதைதான். சுற்றியிருந்தவர்கள் எழுபது வயது தாத்தா பாட்டிகள், மூச்சுக்கூட வாங்காமல் எங்களைத் தாண்டிச் சுழன்று போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் குலுக்கலில் எங்களுக்குப் பரிசும் விழுந்தது. இறகோடு ஒரு ஃபெசன்ட் பறவை. முட்டைகூடத் தொடாத வீட்டுக்காரர் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று மேசை மேசையாக அலைந்தது தனிக்கதை.

நோட்டு நிரம்ப நிரம்ப எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நடனப் பெயர்களில் செக்காரர்கள் கை வைக்கவே இல்லை. தாங்கோ தாங்கோதான். ஜைவ், ரும்பா, சம்பா, குவிக்ஸ்டெப் எல்லாம் அப்படியே. சாச்சாவைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே. நரிக்கு ‘லிஷ்கா’ என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஃபாக்ஸ்ட்ராட்டுக்குள் லிஷ்காவை விடவில்லை. மெது ஃபாக்ஸ்ட்ராட்டை ‘ஸ்லோஃபாக்ஸ்’ என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் வராத ஆங்கிலம் இது. யாருக்கும் அதில் வெட்கமில்லை.

ஆனால் எங்கள் வகுப்பில் காலுக்குச் சொல்கிற சொல் ஒன்றுகூட ஆங்கிலம் கிடையாது. அடி ‘க்ரொக்’. ஒரு காலை மற்றக் காலோடு சேர்ப்பது ‘ப்ரீசுன்’. பக்கவாட்டில் வைத்தால் ‘ஊக்ரொக்’. சுற்று ‘ஒத்தாச்கா’. இருவரும் பிடித்து நிற்கிற நிலை ‘ட்ர்ஜெனீ’, பிடிப்பு. ஆசிரியர் கத்துவதும் “க்ரொக், ப்ரீசுன், க்ரொக்!” என்றுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஆங்கில முறையில் வலப்பக்கம் சுற்றினால் ‘இயல்புச் சுற்று’, இடப்பக்கம் சுற்றினால் ‘எதிர்ச் சுற்று’. நேச்சுரல், ரிவர்ஸ். யாருக்கு இயல்பு? என் இடது பக்கம் என்ன பாவம் செய்தது? இந்தச் சொற்களைக் கேட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்கு இன்றைக்கும் ஒரு நொடி தடுமாறும். செக்கில் ‘ப்ரவா ஒத்தாச்கா’, ‘லெவா ஒத்தாச்கா’. வலச்சுற்று, இடச்சுற்று. முடிந்தது. ‘இயல்பான’ என்பதற்கு அவர்கள் மொழியிலும் சொல் இருக்கிறது, அதைப் போட்டு யாரும் புலமை காட்டவில்லை. ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, ஆடுகிறவரின் உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொழிபெயர்ப்பு என்றால் இதுதான்.

இன்னொன்று, இது தமிழர்களுக்கு மட்டும் இனிக்கும். ஆசிரியர் “லெவோ! ப்ரவோ!” என்று கூவுவார். இடதால், வலதால். கால் என்ற சொல்லே வேண்டாம், வேற்றுமை உருபு போதும். நமக்கு மூன்றாம் வேற்றுமை, அவர்களுக்கு ஏழாவது. இதை ஆங்கில வழியாகப் புரிந்துகொள்ள முயன்று மூன்று வாரம் வீணாக்கினேன். ஒருநாள் நோட்டின் வலது ஓரத்தில் ‘வலதால்’ என்று எழுதினேன், அன்றைக்கே கால் சரியாகப் போனது.

என் கட்சி இதுதான். பெயர் வேறு, ஏவல் வேறு. பெயர் எந்த ஊர்க்காரனாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். காலுக்கு இடுகிற ஏவல் மட்டும் யோசிக்காமல் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். நம் பரதநாட்டியத்திலேயே இந்த வழக்கம் இல்லையா? அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானா என்று பெயர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை, யாரும் அவற்றை மாற்றச் சொல்வதில்லை. ஆனால் அடவுக்கு வந்ததும் பாருங்கள். தட்டு, நாட்டு, குத்து, மெட்டு. ஐந்து வயசுக் குழந்தைக்கும் கேட்ட மாத்திரத்தில் கால் போகும். நண்பர் நரிநடைக்குச் செலவழித்த நேரத்தில், ஒரு நடன வகுப்பில் போய் உட்கார்ந்து ஆசிரியர் வாயில் வருகிற ஆங்கில ஏவல்களுக்குத் தமிழ் தேடியிருந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன்.

பாலே என் கட்சிக்கு எதிர்ச்சாட்சி என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதில் ஏவலும் பிரெஞ்சுதான், பிராகிலும் சரி, எங்கேயும் சரி. ஆனால் பாலேவுக்கு ஏழெட்டு வயசில் போகிறார்கள், பிரெஞ்சுச் சொல்லைப் பால்பல்லோடு சேர்த்து வளர்க்கிறார்கள். நாற்பது வயசில் மூட்டுவலியோடு போகிறவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

‘அப்போ செக்காரர்கள் பெயரை மாற்றியதே இல்லையா’ என்று மடக்குவீர்கள். மாற்றியிருக்கிறார்கள். குதிரைப் பாய்ச்சலின் பெயர் கொண்ட கேலப் நடனம் இங்கே ‘க்வப்பீக்’. அவசரப்படு என்ற வினையிலிருந்து வந்தது. குதிரையைக் காணோம், ஆடுகிறவரின் அவசரம் மட்டும் இருக்கிறது. அதைவிட ஒரு படி மேல் ‘ப்ளோவ்ஜாக்’. (இந்த ‘ஜா’வை எழுதத் தமிழில் எழுத்தில்லை, ‘டெலிவிஷன்’ என்பதில் வெள்ளைக்காரன் சொல்கிற அந்த ஒலி.) விளக்கைக் குறைத்து, ஜோடிகள் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அசைவார்களே, ஆங்கிலத்தில் ஸ்லோ டான்ஸ் என்பார்கள், அதுதான். ‘ப்ளோவ்ஜித் ஸெ’ என்றால் காலைத் தேய்த்து இழுத்துக்கொண்டு போவது. நம்மூரில் “என்னடா ரப்பர் செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு வர்ற” என்று திட்டுவோமே, அந்தத் தேய்ப்பு. காதல் நடனத்துக்கு இந்தப் பெயரை வைக்க ஒரு குசும்பு வேண்டும். எந்த அகராதிக் குழுவும் இதை ஆக்கியிருக்க முடியாது. சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்த எவனோ வைத்த பெயர் போலத்தான் இருக்கிறது.

சுவரோரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடக் கூப்பிட ஆளில்லாமல் நிற்கிற பெண்ணை ஆங்கிலத்தில் சுவர்ப்பூ என்பார்கள். செக்கில் ஆள் கிடைக்காமல் தங்கிப்போனவளை ‘வினிகருக்கு மிஞ்சிவிட்டாள்’ என்பார்கள். இரண்டுமே கொடுமை, ஆனால் ஊறுகாய் போடுகிற வம்சத்தில் வந்தவளாக எனக்கு இரண்டாவது சட்டென்று உறைத்தது. ஆறுதலாக, பெண்கள் போய் ஆண்களைக் கூப்பிடுகிற சுற்றும் உண்டு, ‘தாம்ஸ்கா வொலென்கா’. அந்த நேரத்தில் சில ஆண்கள் முகத்தில் ஓடுகிற கலவரத்தைக் காசு கொடுத்துப் பார்க்கலாம்.

கடன் ஒரு பக்கம் மட்டும் ஓடுவதில்லை. ஆங்கில நடனச் சொற்கள் என்று ஒரு பட்டியலை எடுத்தால் அதில் ‘போல்கா’ இருக்கும், எதிரே செக்கில் ‘போல்கா’. திருநெல்வேலிக்கே அல்வா! 1830-களில் இதே செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் கிளம்பி, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பாரிஸையும் லண்டனையும் ஆட்டிவைத்த ஆட்டம் அது. அந்தப் பைத்தியம் முற்றித்தான் புள்ளிபோட்ட துணிக்கே ஆங்கிலத்தில் போல்கா டாட் என்று பெயர் வந்தது. ஃபூரியாண்ட் என்று இன்னொரு ஆட்டம். நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, அலட்டிக்கொண்டு திரிகிறவனுக்கு அந்தப் பெயர், நம்மூர் மைனர். தாளமும் அலட்டல்தான், இரண்டு இரண்டு இரண்டு மூன்று மூன்று என்று எண்ண வேண்டும். செக் இசையமைப்பாளர் துவொர்ஷாக் 1878-ல் வெளியிட்ட ஸ்லாவிய நடனங்களில் இது வருகிறது. லண்டன் கச்சேரி நிரல்களிலும் ஃபூரியாண்ட் என்றே அச்சடிக்கிறார்கள். மைனரை ஆங்கிலத்தில் பெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை, மைனருக்கும் ஒரு குறைச்சலும் இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் நண்பரின் பட்டியல் மட்டுமில்லை, போன வியாழக்கிழமை வகுப்பும்தான். என் நோட்டை எட்டிப் பார்த்த ஆசிரியர், இந்தச் சுருள் சுருளான எழுத்து என்ன, க்ரொக்குக்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். ‘அடி’ என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இரண்டே எழுத்து, தாளத்துக்குள் கச்சிதமாக உட்கார்கிறது. அடுத்த போல்கா முழுக்க “அடி, ப்ரீசுன், அடி!” என்று கூவ ஆரம்பித்துவிட்டார். பதினொரு செக் ஜோடிகளும் ஒன்றும் கேட்காமல் அதற்கு ஆடின. எங்கள் ஜோடிதான் தடுமாறியது. வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு ‘அடி’க்கும் குலுங்கியவர், நாலாவது சுற்றில் முழுக் கனத்தோடு என் இடது கால் மேல் இறங்கினார்.

“என்னங்க!” என்றேன்.

“அவர்தாம்மா அடிக்கச் சொன்னார்.”