அண்ணனின் கறவை நேரம்

சென்ற தை மாதம் அண்ணன் மகளுக்குக் குன்றக்குடியில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் சீர் வந்து இறங்கிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மணி மூன்றானதும் அண்ணன் பட்டுச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். "பெற்ற தகப்பன் இந்த நேரத்தில் எங்கே போனான்?" என்று ஒரு பெரியம்மா வருத்தத்துடன் கேட்டார். மாலைக் கறவை தவறினால் மடி கட்டிக்கொள்ளும் என்பதையும், தேங்கிய பால் மடிநோயில் கொண்டுபோய் விடலாம் என்பதையும், எங்கள் ஜெர்சிக் கலப்பு மாடு வேற்றுக் கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பதையும் அந்தக் கூட்டத்தில் யாரிடம் விளக்குவது?

எங்கள் ஊர் செம்மண் பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல், இல்லையென்றால் அதுவும் கிடையாது. வீட்டைத் தாங்குவது இரண்டு கறவை மாடுகளும் ஒரு சினை மாடும்தான்.

2022 நவம்பரில் பசும்பாலின் அரசுக் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இரு வேளையும் சேர்த்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவது 14 லிட்டர். தரம் குறையாத நாளில் 532 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, தஞ்சைப் பக்கமிருந்து லாரியில் வரும் வைக்கோல் ஆகியவற்றுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மீதியை அண்ணனும் மதினியும் ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைப்பதற்குப் பங்கிட்டால் மணிக்கு 22 ரூபாய் தேறினால் அதிகம். கோடையில் பசும்புல் கருகி, பாலின் அளவும், தரத்தைக் காட்டும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) இறங்கும்போது அதுவும் தேறாது. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றவிட்ட மாட்டுக்குத் தீனி மட்டும் குறையாமல் போட வேண்டும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது மதினியின் உழைப்பு. விடியற்காலை நாலரைக்குச் சாணி அள்ளி, தொழுவம் கழுவி, கழுநீர் காட்டி, கன்றை அவிழ்த்துவிட்டுச் சுரப்பு இறங்கியதும் இழுத்துக் கட்டுபவர் அவர்தான். சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் இருப்பதோ அண்ணன் பெயர் மட்டும். பால் விலை ஐம்பது காசு உயர்ந்தாலும் நகரத்தில் எழும் குரலை நான் அறிவேன். நானும் காரைக்குடியில் பாக்கெட் பால் வாங்குபவன்தான். ஆனால் கொள்முதல் விலையை நிர்ணயிக்கும்போது தீவனச் செலவோடு இந்தக் குடும்ப உழைப்பையும் கூலியாகக் கணக்கிட வேண்டும். அதோடு, கறப்பவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அனுப்பிவைக்க ஒவ்வொரு சங்கத்திலும் பழகிய மாற்றுக் கறவையாள் ஒருவராவது இருக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

அன்று இரவு நாங்கள் ஊர் திரும்பியபோது மணி எட்டு. அண்ணன் தொழுவத்தில் மடியில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். காது இன்னும் சிவந்திருந்த பிள்ளை நேரே அவரிடம் ஓடித் தோட்டைக் காட்டினாள். எண்ணெய்க் கை பட்டுவிடக் கூடாதென்று அவர் புறங்கையால் அவள் கன்னத்தைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.