விரலளவுத் துண்டைக் காட்டிக் குசினியின் நிறத்தை முடிவுசெய்யச் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பில் இன்று புதிதாக வீடு கட்டுகிறவர்களில் குசினிச் சுவரோடு பொருத்தும் அலுமாரியான பென்ட்ரி கபேட் வேண்டாம் என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஓடாவியை வீட்டுக்கு அழைத்து முதிரையிலோ தேக்கிலோ ஓர் அலுமாரி அடித்துக்கொண்ட காலத்தில் நிறம் என்ற கேள்வியே எழவில்லை. மரத்தின் நிறமே அலுமாரியின் நிறமாக இருந்தது. இப்போது மெலமைன் பூச்சுப் பலகையும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் நூற்றுக்கணக்கான நிறங்களோடு வந்துவிட்டன, அவற்றுக்காக நாம் லட்சக்கணக்கில் பணமும் கொடுக்கிறோம். அந்தப் பணத்தை வாங்குகிறவர்கள், நாம் ஆண்டுக்கணக்கில் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டு நிற்கப்போகும் நிறத்தைத் தெரிவுசெய்ய நம் கையில் எதைத் தருகிறார்கள்? சாவிக்கொத்துப் போல ஒரு வளையத்தில் கோத்த, விரலளவான துண்டுகளைத்தான் தருகிறார்கள்.

அதையும் கடைக்குள்ளேயே நின்று பார்க்க வேண்டுமாம். ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன், வேண்டுமானால் அதற்கு முற்பணமும் வைக்கிறேன் என்று கேட்டேன். "அதெல்லாம் வெளிய குடுக்கிறதில்ல அக்கா, வேணுமெண்டா ஃபோனுக்குப் படம் அனுப்புறன்" என்றார் கடையில் நின்ற தம்பி. கைபேசிப் படத்தை வைத்து எப்படி நிறத்தை முடிவுசெய்வது? கமரா தன் போக்கில் வெளிச்சத்தைத் திருத்திக்கொள்கிறது. ஒரே படம் என் கைபேசியில் ஒரு மாதிரியும் என் மகளின் கைபேசியில் வேறு மாதிரியும் தெரிகிறது. சேலை எடுக்கப் போனால், கேட்காமலே கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுகிற ஊர் இது. சில ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு இருக்கிற அந்த மரியாதை லட்சக்கணக்கில் செலவழிக்கும் குசினிக்கு ஏன் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

கடையில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி.; அது நீலம் கலந்த வெளிச்சம். (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்.) வீட்டில் பலர் போட்டிருப்பது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு. அதற்கு மேல், அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, பார்த்துக் கட்டிய குசினிக்குக் காலையில் நேரடி வெயில் வரும், பின்னேரம் அது நிழலாகிவிடும். யன்னலுக்கு வெளியே மாமரமோ பலாமரமோ நின்றால் உள்ளே வருகிற வெளிச்சமே பச்சை கலந்துதான் வரும். கடையில் ஒன்றுபோலத் தெரிந்த சாம்பல் பலகையும் சாம்பல் டைல்ஸும் வீட்டுக்கு வந்ததும் ஒன்று ஊதா கலந்ததாகவும் மற்றது பச்சை கலந்ததாகவும் பிரிந்து நிற்பதற்குக் காரணம், இரண்டிலும் இருக்கும் நிறமிகள் வேறு என்பதும் ஒளி மாறும்போது அவை தெறிக்கும் விதமும் வேறாகிவிடும் என்பதுமே. விரலளவுத் துண்டில் மென்மையாகத் தெரிந்த நிறம் சுவர் முழுக்க விரியும்போது செறிவு கூடித் தெரியும் என்பது இன்னொன்று. இவையெல்லாம் இத்தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியாத விடயங்கள் அல்ல. தெரிந்துகொண்டே சொல்வதில்லை.

வெள்ளையை எடுத்தால் பிரச்சினை இல்லை என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். வெள்ளையில்தான் பிரச்சினையே அதிகம். ஒரு வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், ஒன்று மஞ்சள் பாய்ந்திருக்கும், இன்னொன்றில் இளஞ்சிவப்பு ஒளிந்திருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது, சாதாரண ஏ4 தாளைப் பக்கத்தில் பிடித்தால் உடனே தெரிந்துவிடும். என் தங்கச்சியின் வீட்டில் கதவுகளுக்குப் பால்வெள்ளைப் பலகையைப் போட்டுவிட்டு, பலகையின் வெட்டிய ஓரத்தை மறைக்கும் ஓரப்பட்டியை நீலம் பாய்ந்த வெள்ளையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு லாச்சியையும் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. குசினிக்குள் கால் வைத்ததும் கண் நேரே அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது. கேட்டதற்கு, "ரெண்டும் வெள்ளதானே" என்று பதில் வந்ததாம். இரண்டும் வெள்ளை என்று சொல்கிறவர் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்?

சேர்த்துப் பார்ப்பது என்ற ஒன்றே இங்கு நடப்பதில்லை. அலுமாரி, மேடைக் கல், அதற்கு மேலுள்ள சுவர் டைல்ஸ், தரை ஆகிய நான்கும் ஒரே பார்வையில் விழுகிறவை. ஆனால் நான்கையும் நான்கு பேர் நான்கு காலத்தில் விற்கிறார்கள். விலைக்கழிவு போடும் நேரத்தில் டைல்ஸை வாங்கி மேசன் ஒட்டிவிடுவார். பிறகு கறுப்புக் கிரனைட் வரும். எல்லாம் அசையாமல் நின்ற பிறகு கடைசியாக அலுமாரிக்காரர் வந்து "என்ன கலர் போடுவம்?" என்று கேட்பார். சுவரில் அப்பிளும் திராட்சைக் குலையும் கோப்பையும் அச்சடித்த டைல்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் ஊதாவுக்கும் பொருந்தும்படி இனி எந்த நிறத்தைத்தான் தேடுவது? அந்தப் பூவும் பழமும் அச்சடித்த டைல்ஸை நம் தலையில் கட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு சிறிய குசினியில் கண்ணைக் கவரும் பொருள் ஒன்று இருந்தால் போதும்: கல்லில் கோலம் இருந்தால் சுவர் அமைதியாக இருக்கட்டும், அலுமாரி மரக்கோடு காட்டினால் கல் அமைதியாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மேலே, "இப்ப ஓடுற கலர்" என்ற பேச்சு. மினுங்கும் கறுப்பும் கரும் சாம்பலும்தான் இப்போது ஓடுகின்றனவாம். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் தெறிக்கும் என்பதை 0 முதல் 100 வரை அளக்கிறார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. ஒற்றை யன்னலும் தாழ்ந்த கூரையும் உள்ள குசினியில் மேலும் கீழும் கறுப்பை அடித்தால், வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, இந்த இருண்ட குசினிகளுக்குள் பட்டப்பகலில் விளக்கு வைத்துக் கறி அரிந்தவர்கள் எங்கள் பெண்கள்தான், படம் காட்டி விற்றவர்கள் அல்லர். அதே ஆண்டு சமையல் எரிவாயு கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளில் மினுங்கும் வெள்ளைக் கதவுகளில் புகை படிந்ததையும் பார்த்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் பொடி மணல் உள்ளே வந்து மினுங்கும் கறுப்பில் படிந்துவிடும். துடைத்த கை எடுக்குமுன் விரல் அடையாளம் விழும். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கல்லில் வெள்ளைத் திட்டாக நிற்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் நாள்தோறும் கொதிக்கிற, மீன் பொரிக்கிற குசினிக்கு நிறம் சொல்கிறவர்கள், இந்த ஊரில் ஒருமுறையாவது சமைத்துப் பார்த்திருக்கிறார்களா?

மற்றவர்கள் முடிவெடுப்பதும் ஒரு கொடுமை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனோ கணவரோ கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்து "இதைப் போடுங்க" என்று சொல்ல, அங்கே நின்று சமைக்கப்போகும் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதன் பிறகு அந்தக் குசினி வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு என்றாகி, உண்மையான சமையல் பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் நடக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு சதுர அடிப் பலகை, அதே ஓரப்பட்டி ஒட்டியது, இரண்டு நாள் இரவலாகத் தாருங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகைகளை வெட்டித் தள்ளுகிற இடத்தில் அப்படியொரு துண்டு குப்பையில்தான் கிடக்கிறது. அதைக் கிரனைட் துண்டுக்கும் டைல்ஸுக்கும் பக்கத்தில் நிறுத்தி, காலை வெயிலிலும் பின்னேர நிழலிலும் இரவு பல்பின் கீழும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம். மேலே வெளிர் நிறமும் கீழே சற்று அடர்ந்த நிறமும் என்றால், கண் மட்டத்தில் இடம் விரிந்து தெரியும், காலடியில் தெறிக்கும் கறை மறையும் என்பதை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள். பலகையின் நிற இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள்; அதே இலக்கத்தில் அடுத்த தொகுதி வரும்போது நிறம் சற்று மாறக்கூடும் என்பதால், பின்னர் ஒரு கதவு ஊறிப்போனால் மாற்றுவதற்கு ஒரு பலகை மேலதிகமாக எடுத்துவைக்கும்படியும் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு உரிய பணத்தைத் தருகிறோம். இவ்வளவும் செய்யாமல் முற்பணத்தை மட்டும் கேட்டு இனி யாரும் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.